கப்பலில் வந்த மோட்டார் வண்டி

ஜெர்மனியில் செய்த மோட்டார் வண்டி ஒன்று. அந்நாட்டில் அதற்குரிய பரீட்சைகளெல்லாம் தேறி, முத்திரை பெற்று, பல்லாயிரம் மைல் ஓடியிருக்கிறது. அதன் சொந்தக்காரர் அதைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டு போகிறார். துறைமுகத்திலே சுங்க அதிகாரி வண்டியைச் சுற்றிவந்து பார்க்கிறார். "இந்த வண்டி பத்திரமானது என்பதற்கு ருஜு எங்கே?" என்று கேட்கிறார். சொந்தக்காரர் ஜெர்மன் தஸ்தாவேஜுகளை நீட்டுகிறார். அதிகாரி அவற்றைத் தொட்டும் பார்ப்பதில்லை. அமெரிக்கச் சட்டத்துக்கு அந்தக் காகிதம் ருஜு ஆகாது.

இது என்ன வீம்பு என்று நேயர்கள் கேட்கலாம். வீம்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதற்கில்லை. 1966-ஆம் வருஷத்தில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் மாண்டவர்கள் 50,000-க்கு மேல். அதற்கு முந்தின ஆண்டில் ரால்ப் நேடர் என்ற இளம் வக்கீல் ஒரு புத்தகம் எழுதி, குற்றம் ஓட்டுகிறவர்கள் மேல் மாத்திரமன்று, வண்டி செய்கிறவர்கள் மேலும் உண்டு என்று ஊரறியச் சொன்னார். ஜனங்கள் கொதித்தார்கள். 1966 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்டு மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து முதல் விதிகள் அமுலுக்கு வந்தன. அயல் நாட்டிலிருந்து வரும் வண்டிக்கும் அதே விதிகள்தாம்.

ஆனால் இதே காலத்தில் ஐரோப்பியர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் விதிகள் செய்தார்கள். இரு சாராரும் மனித உயிரைக் காக்கவே புறப்பட்டார்கள். போன வழிதான் வேறு. முன் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 வரையில் அமெரிக்காவில் கண்ணாடியும் இழையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய் மூடிய, குறித்த அளவுள்ள விளக்குத்தான் செல்லும். பிரெஞ்சுக்காரர்களின் ஸிட்ரோயன் டி.எஸ். வண்டியிலோ, 1967 முதல், கண்ணாடி மூடிக்குள் இருக்கும் விளக்கு ஓட்டுகிறவர் திருப்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பி வளைவுக்கு வெளிச்சம் காட்டிற்று. அந்த அருமையான விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அசையாத விளக்கை மாட்டித்தான் அமெரிக்காவில் விற்க வேண்டியிருந்தது. திரும்பும் திசை காட்டும் பின் விளக்கு ஐரோப்பாவில் ஆரஞ்சு வர்ணமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் சிவப்பாகவும் இருக்கலாம்.

இதைவிட ஆழமான வித்தியாசம் ஒன்று உண்டு. வண்டியைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும்போது உள்ளே மனித உருவப் பொம்மைகளை உட்கார வைப்பார்கள். ஐரோப்பியரின் பொம்மை இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி அமர்ந்திருக்கும். அமெரிக்கர்களோ, எல்லாரும் வார் கட்டிக் கொள்வார்கள் என்று நம்பவில்லை. ஆகவே வார் கட்டாத பொம்மையையும் உட்கார வைத்து, மணிக்கு 30 மைல் வேகத்தில் மோதச் சொன்னார்கள். கட்டாதவனையும் பிடித்து நிறுத்த வேண்டுமானால் காற்றுப் பை பெரிதாக இருக்க வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் பலமாக விரியவும் வேண்டும். அந்தப் பலமே, முன் இருக்கையில் இருந்த சில குழந்தைகளையும் குட்டையான சில ஸ்திரீகளையும் கொன்றுவிட்டது. 1997-ல் பையின் வேகத்தைத் தணிக்க இடங்கொடுத்து விதியைத் திருத்தும்படி ஆயிற்று. ஒரு தேசத்தின் விதியில் அந்தத் தேசத்து ஜனங்களின் சுபாவமும் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நாம் கண்டதில்லை.

சரி, விதி வேறுதான். வண்டியைச் சற்றுத் திருத்திக் கொண்டால் போகாதா? இங்கேதான் சிக்கல். ஐரோப்பாவில் ஒரு மாதிரி வண்டியைச் சர்க்கார் பார்த்து அங்கீகரித்த பிறகே கம்பெனி அதை விற்கலாம். அமெரிக்காவில் அப்படி முன்கூட்டி முத்திரை கொடுப்பார் இல்லை. "எங்கள் வண்டி எல்லா விதிகளுக்கும் பொருந்தியது" என்று கம்பெனியே சத்தியம் செய்து சீட்டு ஒட்டுகிறது. சர்க்கார் பிற்பாடு கடையிலே வண்டி வாங்கி மோதிப் பார்க்கும். பொய்யானால் விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப அழைத்துச் சரி செய்யச் சொல்லும். லக்ஷம் வண்டி செய்கிற கம்பெனி பத்து வண்டிகளை நொறுக்கி ருஜு தேடிக்கொள்ளலாம். ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிறவர் எதை நொறுக்குவார்? நம் வகுப்பிலே கணக்குக்கு விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாத பையன் உண்டு. விடை சரியாகவே இருக்கும். ஆனாலும் நாம் மார்க்கு கொடுப்பதில்லை. வெளிநாட்டு வண்டியின் கதியும் அதுவே. அந்தப் பையனுக்காவது உட்கார்ந்து வழியை எழுத ஒரு தாள் கிடைக்கும்.

1980-க்குப் பின் சில வருஷங்கள் டாலரின் மதிப்பு ஏறியிருந்தது. ஜெர்மனியில் ஒரு மெர்ஸிடிஸ் வாங்கிக் கப்பல் கூலி கொடுத்து, உள்ளூர்ப் பட்டறையில் திருத்திக் கொண்டாலும், அமெரிக்கக் கடை விலையைவிட மலிவாயிருந்தது. மேலும் 500 எஸ்.இ.எல். போன்ற பலமான வண்டியை 1984 வரை கம்பெனி அங்கே விற்கவே இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கில் வண்டிகள் வந்து குவிந்தன. கள்ள மார்க்கெட் என்று சொல்வதற்கில்லை. சட்டத்தில் இருந்த ஒரு சந்து வழியே நடந்த வியாபாரம். கறுப்புமின்றி வெள்ளையுமின்றி இருந்ததால் சாம்பல் நிற மார்க்கெட் என்று பெயர் வைத்தார்கள். நல்ல பட்டறைகள் ஒழுங்காய் வேலை செய்தன. கதவுக்குள் வைக்க வேண்டிய இரும்புக் கம்பியைப் பெயருக்கு ஒட்ட வைத்துவிட்டுக் காகிதத்தில் "ஆயிற்று" என்று எழுதின பட்டறைகளும் இருந்தன. அதிகார முறையில் விற்கும் வியாபாரிகள் கூக்குரலிட்டார்கள். 1988-ல் புதிய சட்டம் வந்தது. 1990 ஜனவரி முடிவில் அமுலாயிற்று. அதன்படி, பதிவு பெற்ற இறக்குமதியாளர் ஒருவர்தான் வண்டியைத் தருவிக்கலாம். மதிப்பில் ஒன்றரை மடங்கு ஜாமீன் கட்ட வேண்டும். 120 நாளைக்குள் திருத்தி ருஜுப்பிக்க வேண்டும்.

உயிர் காக்கும் சட்டமா, கடைக்காரர் லாபம் காக்கும் சட்டமா? இரண்டுந்தான் என்பது நமது அபிப்பிராயம். மோசமான பட்டறைகள் ஒழிந்தது உண்மை. கம்பெனியின் விலைக்குப் போட்டி ஒழிந்ததும் உண்மை. பெருஞ்செல்வரான பில் கேட்ஸே இதில் அகப்பட்டுக் கொண்டார். அவருடைய போர்ஷ் 959 பத்து வருஷத்துக்கு மேல் சுங்கக் கிடங்கில் கிடந்தது. 1999-ல், அபூர்வமான வண்டிகளை வருஷத்துக்கு 2,500 மைலுக்கு மேற்படாமல் ஓட்டலாம் என்று விதி தளர்ந்தது. சாதாரண வண்டிக்கு அந்தத் தளர்வு கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் வேறு ஏற்பாடு இருக்கிறது. தனி மனிதர் கொண்டு வந்த ஒற்றை வண்டியை அதிகாரி நொறுக்காமலே சோதித்துப் பார்த்து அங்கீகாரம் தருகிறார். நம் இந்திய சர்க்காரும் 2018-ல், ஐரோப்பா அல்லது ஜப்பானில் தேறிய வண்டிகளை, அவை வலப்பக்கத்தில் சுக்கான் உள்ளவையானால், வருஷத்துக்கு 2,500 வரை இங்கே மறுபடி பரீட்சை வைக்காமல் தருவிக்கலாம் என்று கம்பெனிகளுக்கு இடங்கொடுத்தது. அயலான் எழுதிய வழியையும் படித்துப் பார்த்து மார்க்கு கொடுக்க முடியும் என்பதற்கு இவை சாட்சி. அமெரிக்கா இன்னும் அதற்கு இணங்கவில்லை.

ஒரே ஒரு கதவைத்தான் அது திறந்து வைத்திருக்கிறது. செய்த மாதத்திலிருந்து 25 வருஷம் நிறைந்துவிட்டால் பாதுகாப்பு விதி எதுவும் வண்டியைத் தொடாது. காற்றுப் பையும் நல்ல பிரேக்கும் உள்ள இருபது வயது வண்டிக்கு அனுமதி இல்லை. இவை ஏதுமில்லாத முப்பது வயதுக் கிழவண்டி தாராளமாய் உள்ளே வரலாம்! இந்தக் கதவு வழியாக ஜப்பானியரின் 660 ஸி.ஸி. குட்டி லாரிகள் இப்போது ஏராளமாய் வருகின்றன. விவசாயிகள் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் மெயின் போன்ற சில ராஜ்யங்கள், பெரிய வண்டிகளோடு மோதினால் தாங்காது என்று, சாலையில் ஓட்டப் பதிவு தர மறுத்தன. துறைமுகத்தில் தப்பிய வண்டி ஊர் எல்லையில் மாட்டிக் கொண்டது.

நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆர் 34 ஜப்பானில் 1999 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்க வியாபாரிகள் அவற்றை முன்னதாகவே வாங்கி ஜப்பானியக் கிடங்குகளில் நிறுத்தி வைத்தார்கள். 2024 ஜனவரி முதற்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கும் பிறந்த மாதம் எது என்று பார்த்து, மாதா மாதம் கப்பலேற்றிக் கொண்டிருக்கிறார்கள்.