காவலாளியா, திருடனா?

இரண்டாம் முறையும் கரு கலைந்துவிட்டால், திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களின் கைக்கு ‘டார்ச் டெஸ்ட்’ எழுதிய சீட்டு வந்து சேர்வதுண்டு. ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வீடே ஒடுங்கிப்போகிறது. “பூனைக் கிருமியாம், அதான் தங்கலை” என்று பேச்சு கிளம்புகிறது.

டாக்ஸோபிளாஸ்மா (அந்தப் ‘பூனைக் கிருமி’ இதுதான்), ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ். சிசுவைத் தாக்கும் இந்தத் தொற்றுகளின் பெயர்களைக் கோத்து 1971-இல் ‘டார்ச்’ என்று பெயரிட்டவர்கள் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரே நாமியாஸ் குழுவினர். கரு திரும்பத் திரும்பக் கலைவதற்குக் காரணம் தேட அவர்கள் அதை உருவாக்கவில்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஐ.ஜி.எம். என்பது தொற்று வந்த புதிதில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம். பின்னால் வந்து பல்லாண்டு தங்குவது ஐ.ஜி.ஜி. இது மட்டும் பாசிட்டிவ் என்றால், தொற்று எப்போதோ வந்துபோயிருக்கிறது. ரூபெல்லாவில் தடுப்பூசியின் தடமாகவும் இருக்கலாம். 2017-இல் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் சிலர் இன்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ‘பாசிட்டிவ்’ காவல். ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றாலும் உடனே பதற வேண்டாம். அது மாதக்கணக்கில் நீடிக்கும், சில நேரம் பொய்யும் சொல்லும்.

தொற்றால் கரு கலைவதே இல்லையா? உண்டு. பாதி அப்பாவின் சாயல் கொண்ட கருவை அந்நியமென்று விரட்டாமல் பொறுத்துக்கொள்கிறது தாயின் எதிர்ப்பு சக்தி. மலேரியா போன்ற கடும் தொற்றில் கிளம்பும் அழற்சி அந்தப் பொறுமையைக் குலைக்கும். மலேரியா தங்கிய ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியிலேயே ஒட்டிக்கொள்ளும். மலேரியா பரவும் ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ரத்தம் பார்ப்பது நல்லது. சிபிலிஸும் கருவைக் கொல்லும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டுபிடித்துவிட்டால் பெனிசிலின் ஊசியில் குணமாகும்.

ஆனால் தொடர்ந்து கலைவதற்கு டார்ச் சோதனை விடை தராது. அதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011-இலேயே சொல்லிவிட்டது. பார்க்க வேண்டியவற்றுள் முக்கியமானவை ஆன்டிபாஸ்போலிபிட் என்ற எதிர்ப்புப் புரதங்கள். இங்கேதான் காவலாளியே திருடனாகிறான்: கருவைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, நஞ்சுக்கொடியைக் கெடுக்கிறது. ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும் கொடுத்து மருத்துவர்கள் பல கருக்களைக் காப்பாற்றுகிறார்கள்.

இன்னொரு சீட்டும் நினைவிருக்கட்டும். இ.எஸ்.ஐ.யில் உரிய நாட்கள் சந்தா கட்டிய பெண்ணுக்குக் கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. சம்பளம் போகுமே என்று நாலாம் நாளே ஒன்றரை ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள், முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஓய்வுக்கான மருத்துவச் சீட்டைத்தான்.