தந்தையும் மகனும்: தார்தென் உடன்பிறந்தாரின் நடிகர்கள்

பெல்ஜியம் நாட்டில், லியேஜ் நகரை அடுத்து செரேங் என்றோர் ஊர் உண்டு. எஃகு ஆலைகளால் செழித்து, அவை தளர்ந்தபோது தானும் தளர்ந்த ஊர் அது. ழான் பியர் தார்தென் (பிறப்பு 1951), லூக் தார்தென் (பிறப்பு 1954) என்னும் உடன்பிறந்தார் தம் படங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இவ்வூரையும் இதன் சுற்றுப்புறத்தையுமே களமாகக் கொண்டனர். களத்தைப் போலவே நடிகர்களையும் அவர்கள் எளிதில் மாற்றுவதில்லை. இதனை வெறும் பழக்கம் என்று ஒதுக்குவதற்கில்லை. கதைப்பொருளோடு பிணைந்த தேர்வு என்பதே என் கருத்து.

1996இல் வெளிவந்த 'வாக்குறுதி'யில், உரிய ஆவணமின்றி வந்த அயல்நாட்டாருக்கு வாடகைக்கு இடம் விட்டு அவர்களைச் சுரண்டும் தந்தையாக ஒலிவியே கூர்மே நடித்தார். அவருக்குக் கையாளாய் உதவும் மகனாக வந்தவர் அன்று பதின்பருவத்தினரான ழெரெமி ரெனியே. சாரத்திலிருந்து விழுந்து உயிர் பிரியும் ஆப்பிரிக்கத் தொழிலாளி ஒருவர், தம் மனைவியையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளுமாறு அச்சிறுவனிடம் வேண்டுகிறார். அவனும் ஒப்புகிறான். நம் இல்லங்களில் அமானிதம் என்போமே, அஃதே இக்கதையின் முதுகெலும்பு. தந்தையோ இறப்பையே மறைக்கிறார். அமானிதத்தைக் காக்க வேண்டுமெனில் மகன் தந்தையை எதிர்த்தே ஆக வேண்டும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து 'குழந்தை' (2005) வந்தது. பிறந்து சில நாள்களே ஆன தன் மகவைப் பணத்துக்கு விற்கும் இளைஞனாக அதே ரெனியே! 2011இல் 'மிதிவண்டிச் சிறுவன்' படத்தில், தேடி வந்த மகனிடம் இனி வரவேண்டா என்று கூறும் தந்தையும் அவரே. மூவரும் வெவ்வேறு கதைமாந்தர்தாம். எனினும், முதற்படத்தைக் கண்டவர்க்கு அந்தச் சிறுவனின் முகம் இந்தத் தந்தையின் முகத்தினுள் தென்படாமற் போகாது. அமானிதம் காத்தவன் முகத்திலேயே கைவிடுபவனையும் காண நேர்வது நெஞ்சை வருத்துகிறது. புதிய நடிகர் எவராலும் இவ்வருத்தத்தைத் தர இயலாது.

கூர்மேயின் பாதை இதற்கு நேர்மாறானது. 'மகன்' (2002) படத்தில் அவர் தச்சு கற்பிக்கும் ஆசிரியர். தம் பிள்ளையைக் கொன்ற சிறுவனே மாணவனாக வந்து சேர்கிறான். அதனை அவனிடம் உரைக்காமல், மரத்தை அளக்கவும் அறுக்கவும் கற்றுத் தருகிறார். கதைமாந்தருக்கும் ஒலிவியே என்றே பெயர். படத்தின் பெரும்பகுதியில் கேமரா அவருடைய பிடரிக்குப் பின்னேயே செல்கிறது. மெய்ப்பாடு என்னும் நம் சொல்லில் முகம் இல்லை, மெய்தான் உண்டு என்பது ஈண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கூர்மேக்குக் கிட்டியது. அதன் பின்னரும் இவ்விருவர் படங்களில் சிறு வேடங்களை ஏற்க அவர் தயங்கவில்லை.

படப்பிடிப்புக்கு முன் சில வாரங்கள் ஒத்திகை நிகழும். காட்சிகளும் கதை வரிசைப்படியே எடுக்கப்படும். இது செலவு மிக்க முறைதான்.

ஃபப்ரீசியோ ரோஞ்ஜியோனே மற்றொருவர். 'ரொசெட்டா' (1999) படத்தில், வேலைக்காக ஏங்கும் ஒரு பெண்ணுக்கு உதவி, அவளாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டுத் தம் வேலையை இழப்பவர் இவர். 'இரு பகல், ஓர் இரவு' (2014) படத்தில், ஆயிரம் யூரோ ஊக்கத்தொகையை விட்டுக்கொடுத்துத் தம் வேலையைக் காக்குமாறு உடன் பணிபுரிவோரிடம் வீடு வீடாகச் சென்று மன்றாடும் பெண்ணின் கணவர். அவள் சோர்ந்து, போதும் என்கிறாள். அவர் கடிந்துகொள்ளாமல் அவளைத் தேற்றி, அடுத்த வீட்டை நோக்கி அழைத்துச் செல்கிறார்.