நல்ல கொலஸ்ட்ரால் இருந்தால் மாரடைப்பு வாராதா?

அறுபது வயதைக் கடந்தோர் உள்ள இல்லங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று வந்து சேர்கிறது. அதில் நம்மில் பலரும் முதலில் தேடுவது எச்.டி.எல். எனப்படும் 'நல்ல கொலஸ்ட்ரால்' எவ்வளவு என்பதைத்தான். அது 60-ஐத் தாண்டியிருந்தால் மனம் நிம்மதி கொள்கிறது. "நல்லது இவ்வளவு இருக்கும்போது கெட்டது சற்றே கூடினால் என்ன?" என்று எண்ணி, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெரியவர்களும் உண்டு. இந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா என்று சற்று ஆராய்வோம்.

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் அது தேவை. நமது கல்லீரலே அதை உற்பத்தி செய்கிறது. கொழுப்பு நீரில் கரையாது. ஆகையால் இரத்தத்தில் அது புரதம் சூழ்ந்த நுண்ணிய பொதிகளாகவே பயணம் செய்கிறது. எல்.டி.எல். என்னும் பொதி கொலஸ்ட்ராலை உடலெங்கும் சுமந்து செல்வது. அது மிகும்போது, இதயத்திற்கு இரத்தம் தரும் குழாய்களின் சுவருக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் நிகழும் விதம் இதுவே. எச்.டி.எல். பொதியோ, தேங்கியதை எடுத்துக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பணியைச் செய்கிறது. 'கெட்டது', 'நல்லது' என்னும் பெயர்கள் இவ்வாறு வந்தவையே.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ஆம் ஆண்டு 5,209 பேருடன் ஓர் இதய ஆய்வு தொடங்கியது. எச்.டி.எல். குறைந்தவர்களுக்கே இதய நோய் அதிகம் வருகிறது என்று அந்த ஆய்வினர் 1977-இல் வெளியிட்டனர். அது இன்றும் மறுக்கப்படவில்லை. ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் கீழே இருந்தால் குறைவு என்று மருத்துவர்கள் கொள்கின்றனர்.

குறைந்தால் ஆபத்து என்றால், கூட்டினால் ஆபத்து நீங்க வேண்டுமல்லவா? இங்குதான் எதிர்பார்ப்பு பொய்த்தது. எச்.டி.எல்.-ஐ 70 சதவீதத்திற்கும் மேல் உயர்த்திய டார்செட்ராபிப் என்னும் மருந்து ஏறக்குறைய 15,000 பேரிடம் பரிசோதிக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வே நிறுத்தப்பட்டது. அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது. குற்றம் அதனுடையதாக இருக்கலாம் என்று சிலர் கருதினர். ஆனால் நியாசின் என்னும் வேறொரு மருந்தை 25,000-க்கும் மேற்பட்டோருக்கு வழங்கிய ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானபோதும், எச்.டி.எல். உயர்ந்திருந்தும் மாரடைப்பு குறையவில்லை. பிறவியிலேயே மரபணு மாற்றம் ஒன்றினால் எச்.டி.எல். கூடுதலாகப் பெற்றவர்களுக்கும் மாரடைப்பு குறைவாக இல்லை என்பதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஒரே முன்னோரின் வழிவந்த சிலருக்கு எச்.டி.எல். மிகமிகக் குறைவு. ஆயினும் அவர்களுடைய இரத்தக் குழாய்கள் நலமாகவே இருந்தன. அவர்களது எச்.டி.எல். பொதியிலுள்ள புரதத்தின் அமைப்பே சற்று வேறுபட்டது என மிலான் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கு ஓர் உவமை தோன்றுகிறது. ஒரு கணக்கின் நாளிறுதி இருப்பைப் பார்த்து, அன்று அதில் எவ்வளவு வரவு செலவு நடந்தது என்று சொல்லிவிட முடியாது. எச்.டி.எல். அளவும் அத்தகையதே. இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டுகிறது; குழாய்ச் சுவரிலிருந்து எவ்வளவு அகற்றப்பட்டது என்பதைக் காட்டுவதில்லை. மேலும், எச்.டி.எல். குறைந்தவர்களிடம் நீரிழிவு, வயிற்றுப் பருமன், புகைப் பழக்கம், உடலுழைப்பின்மை ஆகியவையும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஆகவே குறைந்த அளவு ஓர் எச்சரிக்கை. கூடிய அளவு கவசமாகாது. டென்மார்க்கில் 2017-இல் வெளியான ஆய்வில், எச்.டி.எல். மிதமிஞ்சி இருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது.

எல்.டி.எல். விஷயத்தில் கதை வேறு. ஸ்காண்டிநேவிய நாடுகளில், மாரடைப்போ இதய வலியோ ஏற்கெனவே கண்ட 4,444 பேரிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியாயிற்று. சிம்வாஸ்டாட்டின் மாத்திரையால் எல்.டி.எல். 35 சதவீதம் குறைந்தது. இறப்பும் 30 சதவீதம் குறைந்தது. பின்வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன.

ஆதலால் வாசக அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. நல்லது கெட்டதை ஈடுசெய்துவிடும் என்று நம்பி, மாரடைப்பு கண்டவர்களும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மாத்திரையால் தசைவலி போன்ற தொல்லை தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்பது உண்மையே. அது கெட்டதையும் சேர்த்தே உயர்த்துகிறது. எச்.டி.எல். குறைவு என்று வருந்துவோர் அதற்கென மருந்து தேட வேண்டியதில்லை. நாள்தோறும் இயன்ற அளவு நடப்பதும், புகையிலையை விடுவதும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதுமே இதயத்திற்கு நன்மை தரும்.

அடுத்தமுறை மருத்துவரைக் காணும்போது "எனக்கு நல்ல கொலஸ்ட்ரால் போதுமா?" என்று கேட்பதோடு நில்லாமல், "என் வயதுக்கும் நோய்க்கும் எல்.டி.எல். எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?" என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.