கடிகாரத்தை நிறுத்தும் கை

நீச்சல் போட்டியில் ஜெயித்தது யார் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது லேசான காரியம் அல்ல. தண்ணீர் தெறிக்கும். நுரை கிளம்பும். கை எப்போது சுவரைத் தொட்டது என்பது தொட்டவருக்கே சரியாகத் தெரியாது!

இந்த நுரைக்குள் ஒரு தங்கப் பதக்கமே காணாமல் போயிருக்கிறது.

1960-ம் ஆண்டு. ரோம் ஒலிம்பிக். ஆண்களுக்கான 100 மீட்டர் பிரீ ஸ்டைல் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஒட்டினாற்போல் வந்து சுவரைத் தொட்டார்கள்.

தோற்றுவிட்டோம் என்று நினைத்த டெவிட், லார்சனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கரை ஏறினார். அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பம்!

ஒவ்வொரு வீரருக்கும் மூன்று பேர் 'ஸ்டாப் வாட்ச்'சுடன் நின்றார்கள். டெவிட்டுக்கு மூன்று வாட்ச்சும் 55.2 வினாடி காட்டின. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. அப்படியானால் லார்சன்தானே முதல்?

இல்லை. அந்தக் கால விதிப்படி இடத்தைத் தீர்மானிப்பது வாட்ச் அல்ல, நடுவர்களின் கண். முதல் இடத்தைப் பார்க்க நின்ற மூன்று நடுவர்களில் இரண்டு பேர், "டெவிட்தான் முதல்" என்றார்கள். இரண்டாவது இடத்தைப் பார்க்க நின்ற மூவரில் இரண்டு பேர், "டெவிட்தான் இரண்டாவது" என்றார்கள்!

மூணுக்கு மூணு. தலைமை நடுவர் குறுக்கிட்டார். தங்கம் டெவிட்டுக்கே என்றார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதிவிட்டார்கள். லார்சனே முன்னால் என்று காட்டிய மின்சாரக் கடிகாரம் ஒன்றும் அங்கே இருந்தது. ஆனால் அது அதிகாரப்பூர்வமானது அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்கா போட்ட அப்பீல் எதுவும் பலிக்கவில்லை.

தொடர் நீச்சலில் லார்சனுக்கு ஒரு தங்கம் கிடைத்தது. பிற்பாடு அவர் பல் டாக்டர் ஆனார். தனிநபர் தங்கம்? போனது போனதுதான்.

தொட்டால் நிற்கும்

இந்தச் சண்டைக்கு முடிவு கட்ட வந்தது ஒரு பலகை. 'டச் பேட்' என்று பெயர். 'ஒமேகா' கடிகாரக் கம்பெனி தயாரித்தது. 1967-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் வைத்தார்கள். மறு ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்குக்கும் வந்துவிட்டது.

குளத்தின் சுவரில் லைனுக்கு ஒன்றாகத் தொங்கும். அகலம் 2.4 மீட்டர். உயரம் 90 சென்டி மீட்டர். அதில் 60 தண்ணீருக்குள்ளே, 30 வெளியே. கனம் ஒரு சென்டி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அலை வந்து மோதினால் அசையாது. ஆள் கை வைத்து அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும்.

யோசித்துப் பாருங்கள். தன் கையாலேயே தன் கடிகாரத்தை நிறுத்தும் வீரர் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறார்?

இயந்திரத்துக்கும் ஒரு வம்பு வந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக். 400 மீட்டர் தனிநபர் மெட்லே. சுவீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் 4 நிமிடம் 31.98 வினாடி. இன்னும் நுணுக்கிப் பார்த்தார்கள். ஒருவர் 31.981, மற்றவர் 31.983. தங்கம் சுவீடனுக்கு! (இவர் வேறு லார்சன். ரோமில் ஏமாந்தவர் அல்ல.)

ஆயிரத்தில் இரண்டு வினாடி என்றால் எவ்வளவு தூரம்? அந்த வேகத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டர். அரை அரிசி நீளம்! 50 மீட்டர் குளம் கட்டும்போது ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும். கொத்தனார் பூசின பூச்சு தங்கத்தைத் தீர்மானிக்கலாமா? அதனால்தான் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதிலும் சமம் என்றால் இரண்டு பேருக்கும் தங்கம். 1984 லாஸ் ஏஞ்சல்சில் நான்சி ஹாக்ஸ்ஹெட், கேரி ஸ்டைன்சீபர் இருவரும் 100 மீட்டரை 55.92 வினாடியில் முடித்து ஆளுக்கொரு தங்கம் வாங்கினார்கள்.

கோச்சின் கட்டை விரல்

இதெல்லாம் பந்தய நாள் கதை. பந்தயம் ஒரு நிமிடம். பயிற்சியோ வருடக்கணக்கு. பயிற்சிக் குளத்தில் தினமும் பலகை மாட்ட யாரால் முடியும்? அங்கே ஆட்சி கோச்சின் கட்டை விரல்தான்.

நல்ல கோச் மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. குதித்து 15 மீட்டர் வர எத்தனை வினாடி, சுவரில் திரும்பி உதைக்க எத்தனை வினாடி என்று துண்டு துண்டாகப் பிடிப்பார். நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று கணக்குப் போடும் ஸ்டாப் வாட்ச்சும் உண்டு. மூன்று வீச்சு ஆனதும் அமுக்கினால் போதும்.

ஆனால் கோச் ஒருத்தர். ஒரு லைனில் ஆறு பேர், ஐந்து வினாடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராய் நீந்துகிறார்கள். யாருக்கென்று அமுக்குவார்?

இதற்கு வழி காட்டியவர் என்று அமெரிக்க கோச் ஜேம்ஸ் கவுன்சில்மனைச் சொல்வார்கள். மியூனிக்கில் ஏழு தங்கம் அள்ளிய மார்க் ஸ்பிட்சின் குரு. (மனிதர் சும்மா கரையில் நின்றவர் அல்ல. 1979-ல் தனது 58-வது வயதில் இங்கிலீஷ் கால்வாயையே நீந்திக் கடந்தார்.) குளத்தோரம் ஒரு பெரிய கடிகாரம். அதில் வினாடி முள் ஓடிக்கொண்டே இருக்கும். பையன் தண்ணீரில் இருந்தபடியே தலை நிமிர்ந்து தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு சுலபம். "ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு நூறு மீட்டர், பத்து தடவை" என்கிறார் கோச். முள் உச்சியில் இருக்கும்போது கிளம்புகிறான். திரும்பி வரும்போது முள் 15-ல் நிற்கிறது. ஒரு நிமிடம் 15 வினாடி ஆகியிருக்கிறது. முள் 30-க்கு வந்ததும் மறுபடி கிளம்ப வேண்டும். ஆக, மூச்சு வாங்க 15 வினாடி. மெதுவாக வந்தால் மூச்சு வாங்குகிற நேரம் போச்சு! ஒரு வினாடி முன்னாடியே நைசாகக் கிளம்புகிற கில்லாடிகளும் உண்டு. கோச்சுகளுக்கு அது தெரியாதா என்ன?

கண்ணுக்குள் கடிகாரம்

இப்போது அந்தக் கடிகாரம் கைக்கும் கண்ணுக்கும் வந்துவிட்டது. மணிக்கட்டில் கட்டும் வாட்ச்சுக்குள் அசைவை உணரும் சில்லு இருக்கிறது. கை எத்தனை முறை சுழன்றது, உடம்பு எப்போது திரும்பியது என்று அசைவை வைத்தே எண்ணுகிறது. 2019-ல் கனடாவின் 'பார்ம்' கம்பெனி நீச்சல் கண்ணாடியிலேயே எண்ணைக் காட்டியது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே எதிரே நேரம் தெரியும். வேகம் தப்பாமல் இருக்க, தொப்பிக்குள் வைத்தால் 'பீப், பீப்' என்று தாளம் போடும் சிறு கருவியும் கிடைக்கிறது.

கோளாறும் உண்டு. பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்துப் போனால் கை அசைவதில்லை. ஆள் நீந்தவே இல்லை என்று நினைத்துக்கொள்கிற வாட்ச்சுகள் இருக்கின்றன! நடுக்குளத்தில் நின்று திரும்பினால் சுவர் வந்துவிட்டதாக எண்ணிவிடும்.

எந்தக் கருவி வந்தாலும் கோச்சுகள் விடாமல் கத்துவது ஒன்றுக்காக: "சுவரை அழுத்தித் தொடு!" காரணம் 2008 பெய்ஜிங். 100 மீட்டர் பட்டர்பிளை. செர்பியாவின் மிலோராட் சாவிச் முன்னால் வந்தார். கடைசியில் கையை நீட்டியபடி மிதந்து வந்தார். பின்னால் இருந்த மைக்கேல் பெல்ப்ஸ் அவசரமாக இன்னொரு அரை வீச்சுப் போட்டார். பெல்ப்ஸ் 50.58. சாவிச் 50.59. செர்பியா ஆட்சேபித்தது. தண்ணீருக்குள் எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பலகையை முதலில் அழுத்தியது பெல்ப்ஸ்தான்! அந்த ஒலிம்பிக்கில் அவருக்கு அது ஏழாவது தங்கம்.

பயிற்சியில் வெறும் சுவரைத் தடவிவிட்டுத் திரும்பிப் பழகிய கை, பந்தயத்தன்றும் அப்படித்தான் செய்யும். பட்டர்பிளை, பிரெஸ்ட் ஸ்டிரோக் என்றால் இன்னொரு சிக்கல். இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரில் பட வேண்டும். ஒரு கை பட்டாலே பலகை கடிகாரத்தை நிறுத்திவிடும். கண்ணாடியும் அழகாக நேரம் காட்டும். பட்டது ஒரு கையா, இரண்டு கையா என்று மட்டும் சொல்லாது. அதைப் பார்க்க இன்றைக்கும் ஒவ்வொரு போட்டியிலும் குளத்தின் விளிம்பில் நடுவர் குனிந்து நிற்கிறார்.