உங்களுக்குத் தெரியுமா? பொங்கல் கிழங்கின் சொந்தத்தில் ஓர் இதய மருந்து!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவதரித்ததாகப் போற்றப்படும் நந்தவனத்துத் துளசி, அருகிலுள்ள மம்சாபுரம் வீடுகளில் பிள்ளைகளின் சளிக்குக் கைகொடுக்கும் கற்பூரவல்லி, தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு மண் போகத் தேய்த்துத் தோல் உரித்துச் சமைக்கும் சிறுகிழங்கு எல்லாமே புதினா குடும்பம்தான்!

சிறுகிழங்குக்கு மிக நெருங்கிய சொந்தம், சேலம் பக்கம் பயிராகும் மருந்துக் கூர்க்கன். 1970களில் இந்திய ஆய்வாளர்கள் இதன் வேரிலிருந்து ஆல்கஹால் சாறு எடுத்துச் சோதித்தபோது, அது விலங்குகளின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைக் கண்டார்கள். காரணமான பொருள் ஃபோர்ஸ்கோலின். இது தண்ணீரில் கரைவது அரிது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கஷாயத்தில் பெரிதாக இறங்காது. ஆல்கஹாலில் இறங்கிவிடும்.

உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறை ஃபோர்ஸ்கோலின் பெருக்குகிறது. அதனால் ரத்தக்குழாய்கள் தளர்கின்றன, இதயம் வலுவாகச் சுருங்குகிறது. தண்ணீரில் கரையும்படி மாற்றப்பட்ட இதன் வடிவம், ஜப்பானில் இதயச் செயலிழப்புக்கு ஊசி மருந்தானது. நம் மண்ணில் விளையும் ஒரு வேருக்கு இது பெரிய பெருமை.

உடல் இளைக்கும் என்று சொல்லியும் இதன் மாத்திரைகளை விற்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. ரத்த அழுத்தத்துக்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். ஆல்கஹாலில் இறங்கும் என்பதற்காக மருந்துக்கடை ஸ்பிரிட்டில் இலையையோ வேரையோ ஊறவைத்துக் குடிக்கவே கூடாது. அது விஷம்.