தீவகத்துப் படகை எங்கே பதிவது?

வேலணையில் புதிதாக ஒரு கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வாங்குபவர், வாரநாளில் மீன்பிடிக்கலாம், நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவானிலிருந்து ஆட்களையும் ஏற்றலாம் என்று கணக்குப் போடக்கூடும். கடலுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கு அப்படியல்ல. படகு எதற்குப் பயன்படப்போகிறது என்பதே அதை எங்கே பதிவது என்பதைத் தீர்மானிக்கிறது.

மீன்பிடிப் படகென்றால் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் கடற்றொழில் திணைக்களத்தில் பதிய வேண்டும். படகின் பக்கத்தில் எழுதப்படும் இலக்கமே அதன் அடையாளம். அதில் வரும் 'ஓஎஃப்ஆர்பி' என்ற எழுத்துகள் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகைக் குறிக்கும். 'ஜேஎஃப்என்' யாழ்ப்பாண மாவட்டத்தைக் குறிக்கும். பலர் குழம்புவது ஒரு விடயத்தில்தான்: பதிவு வேறு, தொழில் அனுமதிப்பத்திரம் வேறு. பதிவு, படகு யாருடையது என்பதைச் சொல்லும். அனுமதிப்பத்திரம், அதில் என்ன தொழில் செய்யலாம் என்பதைச் சொல்லும். அது காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும்.

இந்த இரண்டில் எதுவும் பயணிகளை ஏற்றும் அனுமதி ஆகாது. கப்பல்களுக்கான சட்டம் 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டம். பயணிகள் படகுகளின் தகுதியைப் பரிசோதிப்பதும் அத்துறை அதிகாரிகளே. படகின் உறுதி, ஏற்றக்கூடிய ஆட்களின் தொகை, உயிர்காப்பு அங்கிகள் ஆகியவற்றையே அவர்கள் பார்ப்பார்கள்.

அப்படியானால் மாகாணத்துக்கு இதில் இடமில்லையா? 1987இன் 13ஆவது திருத்தம், தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த வீதிகளோடு சேர்ந்த பாதைச் சேவைகளை மாகாணப் பட்டியலில் வைத்தது. கப்பற்போக்குவரத்து மத்திய அரசிடமே இருக்கிறது. ஆகவே அமெரிக்காவைப்போல மத்திய பதிவா, மாநிலப் பதிவா என்று தெரிவு செய்யும் வசதி இங்கே இல்லை. உள்ளூராட்சி மன்றம் தரும் கடிதமொன்று படகின் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

இது வெறும் கடதாசிக் கதையல்ல. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது. நகரசபைத் தவிசாளர் கைதானார். அந்தக் கேள்வியைப் படகு இறங்குமுன் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகு ஒருவரின் பெயரிலும், அதில் தொழில் இன்னொருவரின் கையிலும் இருக்கும். பெயருக்குரியவர் இறந்திருப்பார், வெளிநாடு போயிருப்பார், அல்லது போரில் காணாமலாக்கப்பட்டிருப்பார். புயலில் படகு உடைந்தாலோ, இந்திய இழுவைப்படகு வலையை அறுத்தாலோ, இழப்பை முறையிடப் போகும்போது பதிவிலுள்ள பெயர் முன்னுக்கு வரும். காணாமலாக்கப்பட்டவரின் குடும்பம் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்த காணப்படாமைச் சான்றிதழைப் பெறலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக வந்த வழி அது. அவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும்.

எனவே வாங்குமுன் பயன்பாட்டைத் தீர்மானியுங்கள். தொழிலுக்கென்றால் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமும் சங்கத்திடமும் முதலில் கதையுங்கள். ஆட்களை ஏற்றுவதென்றால் வணிகக் கப்பற்றுறையின் பரிசோதனை முடியும்வரை ஒருவரையும் ஏற்றாதீர்கள். பழைய படகென்றால் விற்பவரின் பெயரும் பதிவிலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு, இயந்திர இலக்கம், பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். இடம்பெயர்ந்தபோது வீட்டோடு ஆவணங்களையும் இழந்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லத் தேவையில்லை.