செறிப்பும் தனிமையும்: ஒரு சொல்லாய்வு

‘செக்லூஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப்படுத்துவோர் பெரும்பாலும் ‘தனிமை’ என்றே எழுதி அமைகின்றனர். அது பொருந்துமா என்பதை, அச்சொல்லின் எழுத்தமைப்பு, பிறப்பு, பொருள் ஆகியவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம். இது வெறுஞ் சொற்பூசல் அன்று. வழக்குமன்றத்திலும் வரலாற்று நூலிலும் ஒரு பெண்ணின் நிலையை உள்ளவாறு உரைப்பதும் பிறழ உரைப்பதும் இச்சொற்றேர்வைப் பொறுத்து அமைகின்றன.

இச்சொல் இலத்தீன் வழியாக வந்தது. ‘செ’ என்னும் முன்னொட்டு ‘வேறாக’ என்னும் பொருளது. ‘க்லாவ்தெரே’ என்பது ‘அடைத்தல்’ என்னும் வினை. முன்னொட்டோடு சேருங்கால் ‘க்லூதெரே’ எனத் திரியும். எனவே வேறாக வைத்து அடைத்தலே இச்சொல்லின் அடிப்பொருளாம். ‘செக்லூட்’ என்னும் வினையில் டகர ஒலி நிற்க, பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ என்னும் எழுத்து வருவது ஏன் என மாணவர் வினவுவதுண்டு. இலத்தீனில் அவ்வினையின் இறந்தகால எச்ச வடிவம் அவ்வெழுத்தையே உடையது. ஆங்கிலம் அதனை அவ்வாறே ஏற்றது. ‘இன்க்லூஷன்’, ‘கன்க்லூஷன்’ என்பனவும் இவ்வினமே. ஆதலின் ‘நேஷன்’ என்பதன் ஈற்றைப் போல இதன் ஈற்றை எழுதுதல் பிழையாம். துறவியர் மடத்தின் உள்முற்றத்தைக் குறிக்கும் ‘க்ளாய்ஸ்டர்’ என்பதும் இவ்வேரிற் பிறந்ததே. ‘ரெக்லூஸ்’ என்பதன் வரலாறு இன்னும் வியப்புடையது. அதன் மூலவினை பழைய இலத்தீனில் ‘திறத்தல்’ எனப் பொருள்பட்டுப் பின்னர் ‘அடைத்தல்’ என நேர்மாறாயிற்று. திறப்பினும் அடைப்பினும் இக்குடும்பத்துச் சொற்களின் நடுவே ஒரு கதவு உண்டு என்பதே நாம் கருதத்தக்கது.

‘தனிமை’ என்னும் சொல்லில் அக்கதவு இல்லை. புலம்பு என்பதற்குத் தனிமை எனப் பொருள் கூறும் தொல்காப்பிய உரியியல். துணையைப் பிரிந்தார் நிலையே அது. திறந்த வெளியிலும் ஒருவர்க்குத் தனிமை உண்டு. அடைக்கப்பட்ட மகளோ தனியள் அல்லள். தாய், செவிலி, தோழி ஆகியோர் அவளைச் சூழ இருப்பர். சூழ இருப்பதே அவளது இடர்.

இந்நிலைக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. அகப்பொருள் நூலார் இதனை ‘இற்செறிப்பு’ என்றனர். இல்லின்கண் செறித்தல், அஃதாவது வீட்டினுள் அடக்கி வைத்தல் என்க. தோழி இதனைத் தலைவனுக்கு உணர்த்துதலைச் ‘செறிப்பறிவுறுத்தல்’ எனத் துறை வகுத்தனர். மணத்தை விரைவுபடுத்தும் வரைவு கடாதலோடு அது பெரும்பாலும் இணைந்து வரும். குறிஞ்சியில் தினை கொய்து முடிந்தவுடன் காவலுக்கு வந்த மகள் வீட்டுக்கு மீள்வதால் செறிப்பு நேர்கின்றது. நெய்தலிலோ ஊரார் தூற்றும் அலரே பெரிதும் காரணமாகின்றது.

புதுப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை நீண்டு கிடக்கும் கரை அந்நெய்தல் நிலமே. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறையை இக்கரையில் வைத்துக் காண்பார் பலர். மணலில் உலரும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டும் பரதவர் மகளிரைச் சங்கப் பாட்டுகள் காட்டுகின்றன. மீன் உலர்த்தலும் விற்றலும் இக்கரைக் குப்பங்களில் இன்றும் பெரும்பாலும் பெண்டிர் தொழில்களே. இத்தகைய நிலத்தில் ஒரு மகளைச் செறித்தல் காதலை மட்டுமன்றித் தொழிலையும் தடுப்பதாகும். உரையாசிரியர் முதற்கூறியதை விரித்தனர். பிற்கூறியதை அவர்கள் போதிய அளவு கருதினார் எனத் தோன்றவில்லை.

இனி, இப்பொருட்கு ஆங்கிலம் இந்தியாவிற் கடன்கொண்ட ‘பர்தா’ என்னும் சொல்லைக் காண்போம். இது பாரசீகச் சொல். திரைச்சீலை என்பதே முதற்பொருள். ஆங்கிலத்தார் முதலசையில் ‘யூ’ என்னும் எழுத்தை இட்டனர். பஞ்சாப், பண்டிதர் என்னும் சொற்களின் குறில் அகரத்தையும் அவ்வெழுத்தாலேயே எழுதினர். ஈற்றில் உள்ள ‘எச்’ ஒலியாத எழுத்து. பாரசீக எழுத்தில் நிற்கும் ஒலியா ஈற்றெழுத்தின் நிழல் அது. அண்டையிலுள்ள சதுரங்கப்பட்டினம் ஐரோப்பியர் நாவில் ‘சத்ராஸ்’ எனக் குறுகியது போன்ற சிதைவு அன்று இது, ஒழுங்குடைய முறை.

தமிழ் இச்சொல்லை இருமுறை வாங்கியது என்பது எம் துணிபு. முன்னர் வந்தது ‘படுதா’; துணியைக் குறிக்கும் படம், படாம் என்னும் சொற்களின் ஈர்ப்பால் அவ்வடிவம் பெற்றிருத்தல் கூடும். நாடக மேடையிலும் வாயிலிலும் அது தொங்கியது. பின்னர் வந்த ‘பர்தா’ பெண்டிர் அணியும் மேலுடையைக் குறிக்கலாயிற்று. ‘கோஷா’ என்பதும் பாரசீகமே. மூலை என்பது அதன் பொருள். மூலையில் அமர்வோன் என்னும் தொடர் அம்மொழியில் துறவியையும் குறிக்கும். தானே விரும்பி ஒதுங்குதற்குரிய சொல், பிறர் ஒதுக்கி வைத்தலுக்கும் வழங்கலாயிற்று. இலத்தீன் செயலைச் சொல்கின்றது. பாரசீகம் திரையையும் மூலையையும் சொல்கின்றது. தமிழோ இல்லத்தைச் சொல்கின்றது.

திரைக்குள் அமர்பவள் எனப் பொருள்படும் ‘பர்தா நஷீன்’ என்னும் தொடர் இந்திய வழக்குமன்றங்களில் நிலைபெற்றது. அத்தகைய பெண் எழுதிக் கொடுத்த ஆவணத்தை அவள் பொருளுணர்ந்தே எழுதினாள் என மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதனால் பயன் பெறுவோர்மேல் சுமத்தப்பட்டது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, நாட்டு வழக்கப்படி வெளியே வருமாறு கட்டாயப்படுத்தலாகாத பெண்டிர்க்கு மன்றத்தில் நேரில் தோன்றுவதினின்று விலக்களிக்கின்றது. இத்தகையாளைத் ‘தனிமையில் வாழும் பெண்’ என மொழிபெயர்ப்பின், உறவினர் யாருமின்றி வாழும் கைம்பெண்ணும் அவளும் ஒன்றாகிவிடுவர். ஒருத்திக்குக் கேட்பார் இல்லை. மற்றவளுக்கோ அவள் பெயரால் பேசுவார் பலர். சட்டம் அஞ்சியது பின்னதையே.

ஆயினும் பர்தாவை இற்செறிப்பு எனவே கூறலாமோ எனின், முற்றும் கூறலாகாது. இற்செறிப்பு மணத்தோடு முடியும் சில காலத்துக் காவல். பர்தாவோ மணத்தின் பின்னும் தொடரும் வழக்கம். ஆகவே பொதுச்சொல்லாகிய ‘செக்லூஷன்’ என்பதற்குச் ‘செறிப்பு’ எனவும், வழக்கத்தின் பெயராகக் ‘கோஷா’ எனவும் ஆளுதல் தகும்.

அவ்வழக்கத்தின் விலை யாது என்பதற்குச் சென்னையே சான்று. ஆண் மருத்துவர் முன் வாராத பெண்டிர் மகப்பேற்றுக் காலத்தும் தக்க மருத்துவம் பெறவில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த பெண்கள் நால்வருள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், 1885இல் அத்தகையோர்க்கென மருத்துவமனை ஒன்றை நிறுவினார். சாதிக் கட்டுப்பாட்டால் ஒதுங்கியோரையும் கோஷாப் பெண்டிரையும் பெயரிலேயே சுட்டி, விக்டோரியா சாதி, கோஷா மருத்துவமனை என அது வழங்கியது. திருவல்லிக்கேணியிலுள்ள அதன் இன்றைய பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. எனினும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்னும் பழம்பெயரும் மக்கள் நாவில் இருந்து வருகின்றது. அவ்வழக்கில் அச்சொல்லுக்கு மூலை என்னும் பொருளும் இல்லை, மறைவு என்னும் பொருளும் இல்லை. பிள்ளை பெறும் இடம் என்பதே பொருள்.